தோளேறி வந்த மிதிவண்டி

மேடையில் நிற்கும் மனிதனுக்கு நாக்கு ஒன்றே உறுப்பு. தனக்குக் கால்களும் உண்டு, அவை நெடுங்காலமாகப் பயிற்சியற்றவை என்பதெல்லாம் கீழே இறங்கிய பிறகே அவனுக்கு உறைக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். நான் அப்போது தமிழாசிரியன். சிராங்கூன் சாலைப் பகுதியில் எவர் விழா எடுத்தாலும் வாழ்த்துரை என்னுடையதே. (கூப்பிடாவிட்டாலும் போய்விடுவேன் என்பது என் துணைவி மங்கையின் கூற்று.) குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுத்த வீட்டுப் பிலோமினாவின் மகள் ஸ்டெல்லா தொடையெலும்பு முறிந்து, காலை மேலே தொங்கவிட்டபடி மருத்துவமனையில் பல வாரங்களாகக் கிடந்தாள். தாயோ இரவெல்லாம் நடைக்கூடத்து நாற்காலியில் அமர்ந்தே உறங்கினார். கழுத்து ஒருபக்கமாகவே சாய்ந்து போயிற்று. அவரைப் போன்ற பெற்றோருக்காக மருத்துவமனை ஓர் ஓய்வறை ஒதுக்கியது. அதில் நான்கு சுவர்கள் மட்டுமே இருந்தன. அறைகலன் வணிகர் கோவிந்தசாமி முன்வந்தார்: சிராங்கூன் சாலையிலிருந்து குவீன்ஸ்டவுன் திடலுக்கு மிதிவண்டியோடு வந்துசேரும் ஒவ்வொருவர் பெயரிலும் அவ்வறைக்கு ஒரு மடக்குக் கட்டில்.

அறிவிப்புக் கூட்டத்திலும் வாழ்த்துரை நானே. கைதட்டலின் மயக்கத்தில், “பிலோமினா அம்மையார் துயிலும் கட்டில் என் கால்களால் வரும்!” என்று முழங்கிவிட்டேன். அவர் கண்கலங்கிக் கைகூப்பினார். இனி எப்படிப் பின்வாங்குவது?

“கடைசியா எப்ப சைக்கிள் ஓட்டுனீங்க?” என்றாள் மங்கை.

“நம் திருமணத்துக்கு முன்பு.”

“அப்ப பேண்டாவது போட்டுக்கிட்டுப் போங்க லா. வேட்டி செயின்ல மாட்டும்.”

“தமிழாசிரியன் வேட்டியில்தான் புறப்படுவான்.”

“புறப்படுங்க. விழுந்தா மானமும் கூடவே விழும், சொல்லிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமைக் காலை ஊதல் ஒலித்ததும் அரைக்காற்சட்டை இளைஞர்கள் அம்பாய்ப் பறந்தனர். நானும் தள்ளாடிப் புறப்பட்டேன். பத்துக் கடை தாண்டவில்லை. பூக்கடைக்காரர் மாலையோடு குறுக்கே பாய்ந்தார்.

“சார், நில்லுங்க! உங்களுக்கு மரியாதை செய்யாம அனுப்புனா நாங்கள்லாம் மனுசங்களா?”

மாலை விழுந்தது. அடுத்து நகைக்கடைக்காரர், பொன்னாடை. அதற்கடுத்து உணவகத்தார், இன்னொரு பொன்னாடை. எல்லாருடைய விழாவிலும் நான் பேசியிருக்கிறேனே! போர்த்தியவர் கண்ணெதிரே பொன்னாடையைக் கழற்றுவது அவமதிப்பு. அவர் கண்மறைந்ததும் கழற்றலாமென்றால் அதற்குள் அடுத்தவர் கையில் ஆடையோடு நிற்கிறார். போர்த்தியவரே பின்னாலிருந்து தள்ளியும் விட்டார். கடைத்தெரு முடிந்தபோது செவ்வந்திக் குவியலுக்கு மேலே என் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது. இறங்கிக் கழற்றியிருக்கலாம். (மீண்டும் ஏறத் தள்ளிவிட ஆள் வேண்டுமே!)

அலெக்சாண்ட்ரா சாலையில் பொன்னாடையொன்றின் குஞ்சம் நழுவிச் சங்கிலிக்குள் புகுந்தது. சங்கிலி அதைச் சுவைத்துப் பார்த்தது. பிடித்துப்போயிற்று போலும், வேட்டியையும் சேர்த்துக்கொண்டது. புல்தரையில் நான் வீழ்ந்தபோது வேட்டி என் வசம் இல்லை. எஞ்சிய பொன்னாடைகளை இடுப்பில் சுற்றிக்கொண்டேன். பின்சக்கரம் அசைய மறுத்தது. அந்நேரம் பார்த்துப் பேருந்து ஒன்று வந்து, கதவையும் திறந்தது. ஏறியிருப்பேன், ஆனால் பிலோமினாவின் சாய்ந்த கழுத்து நினைவில் வந்து நின்றது. மிதிவண்டியைத் தூக்கித் தோளில் வைத்தேன்.

நடந்தேன். வழியெங்கும் பூ உதிர்ந்தது. எதிரே வந்த மலாய் அம்மையார் ஒருவர் என் கோலத்தைப் பார்த்து, “இன்று திருமணமா?” என்று தம் மொழியில் கேட்டு, வாழ்த்தும் சொல்லிப் போனார்.

திடலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டில்கள் லாரியில் ஏறியிருந்தன. ஒன்று மட்டும் தரையில் கிடந்தது. அருகே மங்கையும் பிலோமினாவும்.

“எங்கங்க வேட்டி?” என்றாள் மங்கை.

“சங்கிலியில்.”

ஏற்பாட்டாளர் ஒருவர் தயங்கித் தயங்கி, “சார் ஓட்டிக்கிட்டு வரலையே... கணக்குல சேருமா?” என்றார். பிலோமினா தரையைப் பார்த்தார்.

கோவிந்தசாமி என்னை ஒருமுறை சுற்றிவந்தார். “சைக்கிளோட வரணும்னுதான சொன்னேன்? சைக்கிளும் இருக்கு, சாரும் இருக்காரு. யாரு யாரைத் தூக்கிட்டு வந்தாங்கன்னு நான் கேக்கவே இல்லையே லா! ஏத்துங்க கட்டில!”

பிலோமினா சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் மங்கையின் தோளில் சாய்ந்தார். மறுநாள் காலை மகளைப் பார்க்க அவர் நேரங்கழித்துப் போனாராம். முகமெல்லாம் கட்டிலின் கோடுகளாம். “நல்லாத் தூங்கிட்டேன்டி” என்றாராம்.

ஸ்டெல்லாவுக்கு இப்போது வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்ற வாரம் உட்லண்ட்ஸ் பக்கம் அவளுடைய கார் பழுதாகி நின்றுவிட்டது. இழுவை லாரியில் அதை ஏற்றியவுடன் முதல் அழைப்பு பட்டறைக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

“மாமா, என் காரு ‘சார் சவாரி’ போகுது!”

எங்கள் இரு குடும்பங்களிலும் அதற்கு வேறு பெயர் கிடையாது.