வெளியுறவு போட்ட தடை

மண்ணூர்பேட்டையில் பஞ்சர் ஒட்டப்போன யாரும் உலக நிலவரம் கேட்காமல் வீடு திரும்பியதில்லை. சைக்கிள் கடைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் வெளியுறவு. காதில் ரேடியோ, கையில் டியூப்.

“கறுப்பு, வெள்ளைன்னு மனுசங்க நிறம் பாக்கற நாட்டோட கிரிக்கெட் ஆடலாமா, கூடாதா?” என்பார்.

“லேட்டாவுது அண்ணாத்தே.”

“எல்லா நாடும் இதான் சொல்லுது.” பதில் சொல்லும்வரை காற்று அடிக்கமாட்டார்.

ஈராக் குவைத்துக்குள் புகுந்த வருடம், கடைக்கு எதிர்வீட்டுக் காண்டிராக்டர் காம்பவுண்டுச் சுவரைத் தள்ளிக் கட்டி, தெருவின் அடிபம்பை உள்ளே வளைத்துக்கொண்டார். கேட்டையும் பூட்டினார். பெண்கள் குடத்தோடு சண்டை போட்டும் பலனில்லை. அங்கே ஈராக் மேல் தடை விழுந்ததும், இங்கே வெளியுறவும் அறிவித்தார்: “அந்த ஊட்டுக்கு இனிமே காத்து கெடையாது.”

காண்டிராக்டர் சிரித்தபடி ஸ்கூட்டரில் போனார். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்.

மூன்றாம் நாள் அவர் மனைவி பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தையல் வேலை.

“தடை கீதும்மா.”

“செவுரு கட்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டாரா அவரு?”

அந்த அம்மாள் பதிலுக்கு நிற்கவில்லை. சைக்கிளைத் திருப்பி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு நடந்தார். மறுநாளும் நடை. அன்று வெளியுறவு என்னிடம் கேள்வியே கேட்காமல் காற்று அடித்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

“உடம்பு சரியில்லியா?”

“ஈராக்ல பசங்களுக்குப் பால் பவுடர் கெடைக்கலியாம்பா. உள்ள பூந்தவன் நல்லா சாப்டுகினுதான் கீறான்.” காற்றுப் பம்பைக் கீழே வைத்தார். “செவுரு கட்னவன் ஸ்கூட்டர்ல போறான். நடக்கறது இந்தம்மா.”

சாயங்காலம் ரிப்பேர் பெட்டியோடு எதிர்வீட்டு வாசலுக்குப் போய், அந்தச் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினார்.

“இன்னா, பயந்துட்டியா?” என்றார் காண்டிராக்டர்.

“இது அந்தம்மாவுக்கு, உனக்கில்ல. உம் மேல தடை அப்டியே கீது.”

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள், மறுநாள் விடிந்ததும் பூட்டை எடுத்துவிட்டு, “தண்ணி புடிக்க வாங்க” என்று தெருவையே கூப்பிட்டார். காண்டிராக்டர் முணுமுணுத்தார். கேட் அதற்கப்புறம் பூட்டப்படவில்லை. சுவர் மட்டும் கௌரவத்துக்கு நின்றது.

பிறகு நான் ஆவடிக்குக் குடிபோனேன். கிளம்புகிற அன்று வெளியுறவு, நான் சொல்லாமலே என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார்:

“தூரமா?”

“கொஞ்சம் தூரந்தான்.”

“அப்போ உறவ முறிச்சிக்க வேணாம்.”

டயரில் காற்று நன்றாக இருந்தும், பல ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன்.