ரோமாபுரி மேஸ்திரியின் தூண்

பெங்களூரு பொம்மனஹள்ளியில் பாதி வீடுகளை ரோம் சாம்ராஜ்யமாக மாற்றியது ஒரே ஆள்தான். சொந்தப் பேரை யாரும் கேட்டதில்லை, ரோமாபுரி மேஸ்திரி என்றால் போதும். முப்பதுக்கு நாற்பது அடி மனையில்கூட வாசலில் நாலு தூண் நிறுத்திவிடுவார். உச்சியில் சுருண்டிருப்பது கிரேக்கத்து முள்ளிலை என்பார். எங்கள் கண்ணுக்கு அது முட்டைகோஸ்.

கன்டோன்மென்ட் கட்டடங்களைக் கயிறு போட்டு அளந்து கற்ற வித்தை. வெள்ளைக்காரன் ரோமைப் பார்த்துச் செய்தான், நான் அவனைப் பார்த்துச் செய்கிறேன் என்பார். இலைக்குப் பதில் பிள்ளையார் வைக்கச் சொன்ன வீட்டுக்காரரிடம், அங்கே பிள்ளையாருக்குக் கழுத்து வலிக்கும் என்று சொல்லிவிட்டு மூன்று நாள் வேலைக்கே வரவில்லை.

அவர் தூண், இரண்டு பாதியாக வார்த்து ஒட்டுவது. உள்ளே வெறும் காற்று. பாரம் தாங்குவது பக்கத்தில் இருக்கும் கான்கிரீட் பில்லர். எல்லா வீட்டுக்காரரையும் கூப்பிட்டுத் தட்டிக் காட்டுவார்: "வெறும் ஷோ சார். மேல ஒரு காக்கா உக்காரலாம். ரெண்டாவது காக்காவ ஓட்டிடுங்க."

நான் அந்தக் கட்டட வேலைகளில் சூப்பர்வைசர். ஒரு வீட்டில் பில்லர் மறித்ததால் புதுக் கார் போர்ட்டிகோவுக்குள் திரும்பவில்லை. அதான் நாலு தூண் இருக்கிறதே என்று, ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள் வைத்து பில்லரை இடித்துவிட்டார் வீட்டுக்காரர். திங்கள்கிழமை பார்த்துவிட்டுக் கேட்டேன். சும்மா இருப்பா என்றார். வேலை போய்விடுமே என்று நானும் சும்மா இருந்தேன், பாவி.

கிரகப்பிரவேசத்தன்று போர்ட்டிகோவுக்கு மேலே இருந்த பால்கனி கொள்ளாத கூட்டம், கையில் கேசரிபாத். நானும் மேலேதான். இஸ்திரி போட்ட சட்டையில் சாப்பிட வந்த மேஸ்திரி, பில்லர் இல்லாததைப் பார்த்துவிட்டு எல்லோரையும் இறங்கச் சொன்னார். காலையிலேயே தண்ணி போட்டுட்டார் என்று சிரித்தார்கள். எங்கே போனாலும் விடாத வேலைப் பையிலிருந்து சுத்தியலை எடுத்துத் தன் தூணையே உடைத்தார். ஓட்டைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுக் காட்டினார்.

"உள்ள ஒண்ணுமில்ல. எறங்குங்க."

சிரிப்பு நின்றது. படிக்கட்டு போர்ட்டிகோவுக்குள்தான் இறங்கும். அங்கேயே நின்று ஒவ்வொருவராக வெளியே தள்ளினார். கடைசி ஆள் நான். என்னைத் தள்ளிவிட்டு அவர் திரும்புவதற்குள் பால்கனி அவர் மேலேயே இறங்கிவிட்டது.

அவர் தூணை உடைத்ததால்தான் விழுந்தது என்று போலீஸில் சொன்னார் வீட்டுக்காரர். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என்ன பிரயோஜனம்?

அவரைப் புதைத்த இடத்தில், அவருடைய அச்சிலேயே ஒரு தூண் வார்த்தோம், முட்டைகோஸோடு. உள்ளே கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டி முடிகிற வரை பக்கத்திலேயே நின்றேன். இதில் எத்தனை காக்கா வேண்டுமானாலும் உட்காரட்டும் மேஸ்திரி.