நாற்பது பக்கக் குன்று

பல் டாக்டர் மேஜை விளிம்பில் தாடையைப் பதித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, விரல் உயரச் சிப்பாய் ஒருவனின் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுது. சுவருக்கு அந்தப் பக்கம் உங்க பீரங்கி பளிச்சுன்னு தெரியுது. சுடலாம்."

"தெரியாது," என்றார் சர்வேயர். அவர் ஏற்கெனவே மண்டியிட்டு, குன்றின் உச்சியிலிருந்து சுவர் வரைக்கும் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். "உங்க ஆளு சரிவுல நிக்கறான். குன்று அத்தியாயம், பதினேழாவது பக்கம். சரிவுல நிக்கறவனுக்குப் பாதிப் பார்வைதான்."

"பாதிப் பார்வையில பாதி பீரங்கி தெரியுமில்ல? அந்தப் பாதியைச் சுடறேன்."

"பாதி பீரங்கியைச் சுட விதி இல்லை."

"எழுதிக்கிட்டா போச்சு."

நூலகத்து மாடி அறையில் சனிக்கிழமைதோறும் நடக்கிற யுத்தம் இது. ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள். பல்லுக்கு நிறம் சேர்க்கிற தூரிகையால் டாக்டரே பொத்தான் பொத்தானாக வர்ணம் தீட்டியவர்கள். குன்று, பல் அச்சு எடுக்கும் மாவில் பிடித்து வைத்தது. பகடையை உருட்ட வேண்டும், அளவு நாடாவைப் பிடிக்க வேண்டும், படையை நகர்த்த வேண்டும். கேட்டால் இவ்வளவுதான். ஆனால் இருவரும் பல வருடங்களாகச் சண்டை போட்டுச் சண்டை போட்டு எழுதிய விதிப் புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் நாற்பது பக்கம் குன்றுக்கு மட்டும். அது சர்வேயரின் கைவண்ணம். பணி ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு நிலம் கிடைக்காத மனிதர் வேறு என்னதான் செய்வார்?

ஒரு காலத்தில் சங்கத்தில் ஆறு பேர். ஒருவர் மகள் வீட்டோடு போய்விட்டார். இன்னொருவரின் முழங்கால் மாடிப்படிக்கு ஒத்துழைக்கவில்லை. மீதி இரண்டு பேரைத் துரத்தியது குன்று அத்தியாயம்.

நூலகர் அம்மா கதவைத் தட்டியபோது டாக்டரின் தாடை இன்னும் மேஜையில்தான் இருந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரு விஷயம் சொல்லணும். இனிமே இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ ஒருத்தராவது இல்லாத சங்கத்துக்கு அறை கிடையாதாம். கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. மூணு மாசம் டைம்."

"இது எங்கிருந்து முளைச்சது?" என்றார் டாக்டர்.

"சின்னவங்க குழு ஒண்ணு சனிக்கிழமைக்கு இந்த அறையைக் கேட்டு நடையா நடக்குது. அவங்களுக்கும் இடம் வேணுமில்ல?"

"அவங்களுக்கு எதுக்கு அறை?"

"ஏதோ விளையாட்டுன்னாங்க. நான் தோண்டித் துருவிக் கேக்கல."

"போன் விளையாட்டா இருக்கும்," என்றார் சர்வேயர் நூலைச் சுருட்டிக்கொண்டே. "அதுக்கு ஒரு நாற்காலி போதும். அறை எதுக்கு?"

அன்று வீடு திரும்பும்போது டாக்டர் தன் தெருவையே தாண்டி நடந்துவிட்டார். அவர் கவலை சிப்பாய்களைப் பற்றியல்ல. வாரத்தில் ஆறு நாளும் அவர் பேசுகிறார், எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அவருக்குப் பதில் சொல்கிற ஒரே ஆள், அதுவும் எதிர்த்துச் சொல்கிற ஒரே ஆள், சர்வேயர்தான். அந்தச் சனிக்கிழமை போய்விட்டால் மிச்சம் வெறும் பல்தான்.

ஆனாலும் டாக்டருக்கு ஒரு வசதி இருந்தது. இளவட்டங்களைத் தேடி அவர் அலைய வேண்டியதில்லை. அவர்களே பல்வலியோடு தேடி வருவார்கள்.

திங்கட்கிழமையே ஒருவன் மாட்டினான். கல்லூரிப் பையன், கடைவாய்ப் பல் பிடுங்க வந்தவன். மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டு டாக்டர் பேச ஆரம்பித்தார். குதிரைப்படை எப்படித் திரும்பும், மழை பெய்தால் துப்பாக்கி எப்படி நமத்துப் போகும், பகடை மேஜையிலிருந்து விழுந்தால் அது செல்லுமா செல்லாதா என்று ஒன்றையும் விடவில்லை.

"சனிக்கிழமை வந்துடறியா தம்பி?"

"ஆ... ஆ..."

"குறிச்சு வெச்சுக்கம்மா, தம்பி வரார்," என்றார் உதவியாளரிடம்.

"அது வலியில முனகறது டாக்டர்," என்றாள் உதவியாளர்.

"மௌனமே சம்மதம்னா முனகல் அதைவிடப் பெரிய சம்மதம்மா."

சனிக்கிழமை அவன் வரவில்லை. தையல் பிரிக்கவும் வரவில்லை. அவன் நண்பர்களிடம் என்ன சொன்னானோ, அந்த வாரம் சொத்தைப் பல்லோடு நேரம் வாங்கியிருந்த இரண்டு மாணவர்கள் தங்களுக்கு வலி தானாகவே நின்றுவிட்டதாகப் போன் செய்தார்கள்.

"டாக்டர், இன்னும் ரெண்டு யுத்தம் சொன்னீங்கன்னா ஊர்ல யாருக்கும் பல்வலியே வராது," என்றாள் உதவியாளர்.

பல்லுக்குக் கம்பி போட்டிருந்த மாணவி ஒருத்தி மட்டும் தவறாமல் வந்தாள். பொறியியல் படிக்கிறவள். காத்திருக்கும் நேரமெல்லாம் தடித்த புத்தகம் ஒன்றில் முகத்தைப் புதைத்திருப்பாள். பாடப் புத்தகம் என்று நினைத்து டாக்டர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். இவளிடம் எடுத்த எடுப்பில் அழைப்பு விடுக்காமல், கருத்துக் கேட்கலாம் என்று தோன்றியது.

"நல்லா திறம்மா. இன்னும். எங்ககிட்ட ஒரு விளையாட்டு இருக்கு, சிப்பாய் பொம்மைகளை வெச்சு யுத்தம். விதிப் புத்தகம் மட்டும் இருநூத்திப் பன்னிரண்டு பக்கம்."

அவள் கண்கள் அகல விரிந்தன. "ஆ! ஆ ஊ..." என்று கையை ஆட்டினாள்.

"பாத்தியா, கேக்கும்போதே பயமா இருக்கில்ல? அதைக் குறைச்சுடலாம்னு இருக்கேன்."

அவள் தலையை இப்படியும் அப்படியுமாக வேகமாக ஆட்டினாள். கம்பி முறுக்குகிற குறடும் அவளோடு சேர்ந்து ஆடியது.

"ஆட்டாதம்மா, குத்திடும். புரியுது, புரியுது. ரொம்ப ஜாஸ்திதான்."

வேலை முடிந்ததும் அவள் எழுந்து நின்று, "டாக்டர், நாங்க..." என்று தொடங்கினாள்.

"பேசாத, பேசாத. கம்பி புதுசா முறுக்கியிருக்கு, உதட்டைக் கிழிச்சுடும். அடுத்த ஆளை வரச் சொல்லும்மா."

"அந்தப் பொண்ணு என்னமோ சொல்லணும்னு வாசல்லயே நிக்குது டாக்டர்," என்றாள் உதவியாளர் சற்று நேரம் கழித்து.

"வலின்னுதான் சொல்லும். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அன்றிரவே டாக்டர் விதிப் புத்தகத்தை வெட்ட உட்கார்ந்தார். தன் பிரதியில் கை வைக்க மனம் வராமல், எப்போதோ சர்வேயர் பெருமைக்காக நூலகத்துக்குக் கொடுத்திருந்த பிரதியை எடுத்து வரலாம் என்று மறுநாள் போனார். அலமாரியில் அது இல்லை.

"வெளிய போயிருக்கே டாக்டர்," என்றார் நூலகர் அம்மா.

எடைக்குப் போயிருக்கும் என்று டாக்டர் முடிவு கட்டிக்கொண்டார். பாவம், எத்தனை வருடம்தான் தூசியோடு வைத்திருப்பார்கள்? சர்வேயர் காதுக்கு இது போகக் கூடாது என்று அந்த அம்மா மேற்கொண்டு பேச வாயெடுப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

வேறு வழியில்லாமல் சொந்தப் பிரதியையே வெட்டி இருபது பக்கமாக்கினார். சனிக்கிழமை அதைச் சர்வேயரிடம் நீட்டினார். சர்வேயர் முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். பிறகு கடைசியிலிருந்து முதல் வரை புரட்டினார்.

"குன்று எங்க?"

"இருக்கு. பன்னிரண்டாம் பக்கம், கீழ இருந்து மூணாவது வரி."

சர்வேயர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "'குன்றின் மேல் யாரும் ஏறக் கூடாது.'"

"பிரச்சினையே தீர்ந்துடுச்சு பாருங்க."

சர்வேயர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் டாக்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார், அளவு நாடாவை எடுத்துக்கொண்டார், சிப்பாய்களை ஒரு முறை பார்த்தார்.

"வரேன் டாக்டர்."

"சின்னவங்களுக்காகத்தானே செஞ்சேன்? அவங்களுக்குப் பொறுமை கிடையாது சார்."

"இருக்கலாம். எனக்கும் இனிமே இல்லை."

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. டாக்டர் தனியாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் விளையாடிப் பார்த்தார். இரண்டு பக்கமும் அவர் சொன்னதையெல்லாம் ஒத்துக்கொண்டன. அதில் ஒரு சுகமும் இல்லை. சர்வேயர் வீட்டுக்குப் போன் செய்தால், "இந்த நேரத்துல வெளிய போயிடறார், எங்கன்னு சொல்றதில்லை," என்றார் அவர் மருமகள். தன்மேல் இருக்கிற வருத்தத்தில் மனிதர் தெருத் தெருவாக நடக்கிறார் போலிருக்கிறது என்று டாக்டர் உருகினார். யாரையாவது சேர்த்து அறையைக் காப்பாற்றிவிட்டால், அதைச் சொல்லியே அவரைத் திரும்ப அழைத்துவிடலாம். அந்த ஒரு நினைப்புதான் மிச்சமிருந்தது.

கம்பிக்காரப் பெண் அறுந்த கம்பியோடு அவசரமாக வந்தாள். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, "டாக்டர், முதல்ல ஒரு விஷயம்..." என்றாள்.

"முதல்ல கம்பி. அது கன்னத்துல குத்துது பாரு. திற." உள்ளே இரண்டு கையும் போனதும் டாக்டர் உற்சாகமானார். "உனக்கு ஒரு நல்ல சேதி. நீ அன்னைக்குச் சொன்னதைக் கேட்டு அந்தப் புத்தகத்தை இருபது பக்கமா வெட்டிட்டேன். குன்று அத்தியாயம் மொத்தமா காலி."

அவள் இரண்டு கையாலும் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "ஊ... ஊ... ஆ ஆ!"

டாக்டர் பெருமூச்சு விட்டார். "இருபதுமே ஜாஸ்தியா? சரிம்மா, அழாத. இன்னும் குறைக்கறேன்."

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, விதிப் புத்தகம் ஒரே பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. ஆளுக்கொரு பகடை, பெரிய எண் வந்தவருக்கு வெற்றி. குன்று இல்லை, சுவர் இல்லை, மழை இல்லை. சோதனைக்காக உதவியாளரின் ஆறு வயது மகளை உட்கார வைத்தார். அவளுக்கு ஐந்து விழுந்தது, டாக்டருக்கு இரண்டு.

"நீ ஜெயிச்சுட்டே பாப்பா."

குழந்தை மேஜையைப் பார்த்தது. வரிசை வரிசையாக நிற்கும் சிப்பாய்களைப் பார்த்தது. "அவ்வளவுதானா?" என்றது.

"அவ்வளவுதான்."

"அப்ப இவங்கள்லாம் எதுக்கு நிக்கறாங்க?"

டாக்டர் ஒரு சிப்பாயின் தோளில் இருந்த தூசியைத் துடைத்தார். உதவியாளர் குழந்தையை அழைத்துக்கொண்டு போகும்போது, "நல்ல கேள்வி கேட்டே கண்ணு," என்று சொன்னது அவர் காதில் விழத்தான் செய்தது.

கெடு முடிகிற சனிக்கிழமை வந்தது. நூலகப் படிக்கட்டில் டாக்டர் முந்தின நாளே ஒட்டிய சுவரொட்டி: 'யுத்தம், ஒரே பக்கத்தில். யோசிக்கத் தேவையில்லை.' அதைத் தாண்டி ஏறும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. யாரும் வந்திருக்க மாட்டார்கள். சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்கி வீட்டுக்கு எடுத்துப்போய்விட வேண்டியதுதான். பரண் மேல் இடம் இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டும் வைத்திருந்தார்.

நூலகர் அம்மா வரிசையில் நின்றவர்களுக்குப் புத்தகம் பதிந்துகொண்டே தலையைத் தூக்கினார். "மேல போங்க டாக்டர். எல்லாரும் வந்தாச்சு."

"எல்லாருமா?"

டாக்டர் இரண்டிரண்டு படியாக ஏறினார். கதவைத் திறந்தார்.

மேஜையைச் சுற்றி இருபது வயதைத் தாண்டாத முகங்களாகவே இருந்தன. ஒருத்தி தாடையை மேஜையில் பதித்து ஒற்றைக் கண்ணை மூடியிருந்தாள். ஒருவன் அளவு நாடாவைப் பிடித்திருந்தான். நடுவில் மண்டியிட்டு, குன்றின் உச்சியிலிருந்து நூல் பிடித்துக்கொண்டிருந்தவர் சர்வேயர். கம்பிக்காரப் பெண் பகடைகளை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. சுவரொட்டி வேலை செய்திருக்கிறது. சர்வேயர் மன்னித்திருக்கிறார். பையிலிருந்து ஒரு பக்கத் தாள்களை உருவி, ஆளுக்கொன்றாக நீட்டத் தொடங்கினார்.

"வாங்க, வாங்க. யாரும் பயப்பட வேண்டாம். அந்தத் தடிப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டாச்சு. இந்த ஒரு பக்கம்தான், முன்பக்கம் மட்டும். சார், நீங்களும் எழுந்திருங்க, இனிமே குன்றே கிடையாது."

யாரும் தாளை வாங்கவில்லை. அளவு நாடா பிடித்திருந்த பையன், நூலக முத்திரை குத்திய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, யாரோ பிடுங்க வருவதைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சர்வேயர் மட்டும் கூரையைப் பார்த்தார். அவர் மீசைக்குக் கீழே ஏதோ துடித்தது. சிரிப்புதான்.

கம்பிக்காரப் பெண் பகடைகளை மேஜையில் வைத்துவிட்டு, காலியாக இருந்த நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இந்த இருநூத்திப் பன்னிரண்டு பக்கத்தையும் விளையாடணும்னுதான் டாக்டர் நாங்க இந்த அறையைக் கேட்டு நடையா நடந்தோம், அதை நான் ரெண்டு தடவை சொல்ல வந்தப்பவும் உங்க ரெண்டு கையும் என் வாய்க்குள்ள இருந்துச்சு, லைப்ரரிக்குப் புத்தகத்தைத் தேடி வந்த சர்வேயர் சார் எங்க குழுவோட நுழைவுப் பரீட்சையில பாஸாகி ஒரு மாசமாச்சு, இப்ப நீங்க இப்படி சாஞ்சு உக்காருங்க, குன்று அத்தியாயத்துலருந்து முதல் கேள்வி, எங்க, வாயை நல்லா திறங்க."