நாக்கண்ணனின் பலா மேசை

தன் நாக்கைத் தவிர வேறு எந்த அதிகாரத்தையும் ஏற்காத மனிதர் மலையகத்தில் ஒருவரே உண்டு. அவர் ஹட்டன் பஸ் நிலையத்தருகே ரொட்டிக் கடை நடத்தும் நாக்கண்ணன். பற்றரியில் உயிர் இருக்கிறதா, கழுவிய தட்டில் சவர்க்காரம் மிஞ்சியிருக்கிறதா என்பதையெல்லாம் நக்கிப் பார்த்தே தீர்மானிப்பார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு மட்டுமே தெரியும். தனக்குக் கோபம் வந்தால்தான் அந்த அம்மா அதை வெளியில் எடுப்பார்.

நான் உயர்தர வகுப்பில் படித்த காலம் அது. என் விவாத உரைகள் எல்லாம் முதலில் அரங்கேறியது அக்கடையில்தான். ஒருநாள் அங்கு சாப்பிட வந்த சுகாதாரப் பரிசோதகரின் ரொட்டியில் நகத்தளவு வார்னிஷ் சில்லு ஒட்டியிருந்தது. மாவு பிசையும் பலா மேசையிலிருந்து உரிந்த சில்லு.

"இத எடுத்துட்டு இரும்பு மேசை போடுங்க."

"இந்தக் குளிருக்கு இரும்புல மாவு வெறச்சிரும்ங்க மாத்தையா. ரொட்டி செருப்பு மாதிரி வரும்."

"அப்ப ஒழுங்கா ஒன்னு பூசுங்க. அடுத்த மாசம் வந்து பாப்பன். சரியில்லாட்டி மேசைய வெளிய எடுக்கணும்."

நாக்கண்ணன் வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் பூசினார். "நாம தின்னுற எண்ணெய்தானே? மேசையும் தின்னட்டும்" என்பது அவர் வாதம். விடிந்து பார்த்தால், ஹட்டன் குளிரில் எண்ணெய் உறைந்து, மேசை வெள்ளை வெளேரென்று கிடந்தது. உருக்கித் தேய்த்தார். சில நாட்களில் காறல் வாடை கிளம்பியது. "என்னண்ணே, தலைக்கு வைக்கிற எண்ணெயிலயா ரொட்டி சுடுறீங்க?" என்று பொகவந்தலாவை பஸ் சாரதி கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்து, காய்ந்தால் கல்லாகும் என்று ஹாட்வெயார் கடைக்காரர் சொன்ன ஆளிவிதை எண்ணெய். மூடுபனியில் அது காயவே இல்லை. காய்ந்துவிட்டதா என்று நாக்கண்ணன் நக்கிப் பார்த்தார். பிறகுதான் தகரத்தில் எழுதியிருந்ததைப் படித்தார்: காயவைக்கும் இரசாயனம் கலந்தது, உணவில் படக்கூடாது. அன்று மாலை வரை நாக்கு மரத்துப்போய், கொத்து ரொட்டியில் உப்பு மலையாகக் குவிந்தது.

"ஒங்க அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாம இல்ல தம்பி. நாக்கு முந்திக்குது" என்றார் அவர் மனைவி.

இந்நிலையில்தான், கைபேசியில் தேடிப் படித்துவிட்டு, நான் மேடையேறினேன். பூசும் பொருள் வயிற்றுக்குள் போனாலும் கெடுதல் செய்யக்கூடாது, நாளானால் காறக்கூடாது, மாவில் ஒரு ருசியும் ஏற்றக்கூடாது. இம்மூன்றுக்கும் உரியது, மலச்சிக்கலுக்குக் குடிக்க மருந்துக் கடையில் விற்கும் திரவ பரபின். அதில் கொஞ்சம் தேன்மெழுகை உருக்கிச் சேர்த்தால் போதும்.

மருந்துக் கடையில் நாக்கண்ணன் உரத்த குரலில், "ஒரு போத்தல் பத்தாதும்மா, இருக்கிறதெல்லாம் குடு" என்றார். மேசைக்கு என்று சொல்ல மறந்துவிட்டார். மறுநாள் தோட்டத்து ஆட்கள் கடைக்குப் பப்பாசிப் பழங்களோடு வந்து, கவலையோடு நலம் விசாரித்தார்கள்.

துணியால் தேய்த்து, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்ததும் மேசை பால் விடாத பிளேன்டீ நிறத்தில் மினுங்கியது. பரிசோதகர் வந்து தண்ணீர் தெளித்துப் பார்த்தார். முத்து முத்தாக நின்றது. மேசையின் சார்பில் பேச ஓர் உரை தயாரித்திருந்த நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் நாக்கண்ணன் குனிந்து, மேசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா மாத்தையா? ஒன்னும் செய்யாது!"

பரிசோதகர் ஓரடி பின்வாங்கினார்.

"மேசை சரி. அத நக்குறது சரியில்ல. இனி ஒங்க நாக்கு அதுல பட்டிச்சின்னா கடைய மூடிருவன்."

மேசைக்காக நாக்கண்ணன் நாக்கை அடக்கிக்கொண்டார். மெழுகு பூசும் நாட்களில் மட்டும் மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார்.

சென்ற மாதம் கொழும்பில் விவாதக் கிண்ணம் வென்று, நேரே அவர் கடைக்குத்தான் போனேன். கிண்ணத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு என்னை உள்ளே இழுத்தார்.

"தம்பி, நேத்துதான் பூசினேன். இன்னும் மாவு படல. மாத்தையா என்னயத்தானே வேணாம்னாரு? ஒன்னய ஒன்னும் சொல்லலயே?"

அவ்வாதத்தில் ஓட்டை தேடினேன், அகப்படவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தேன். நிமிர்ந்தபோது, எந்த நடுவரிடமும் நான் பார்த்திராத ஆவலோடு அவர் என் வாயையே பார்த்து நின்றார்.

"ஒரு ருசியும் இல்லண்ணே."

கிண்ணங்கள் வென்ற என் நாக்கு, அதைவிட இனிமையாக இதுவரை எதையும் சொன்னதில்லை.