சம்பந்திகள் ஓட்டிய விமானம்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது என்றுதான் கதைகள் தொடங்கும். இந்தக் காட்டிலும் ஒரு சிங்கம் இருந்தது. ஆனால் அது இந்தக் கதைக்குள் வராது. அதற்கு விமானப் பயணம் ஒத்துக்கொள்வதில்லை. ஏறினால் வாந்தி வரும்.

அந்தக் காட்டு ஏரிக்கரையில் நல்லசிவம் என்ற நரி ஒரு விமானக் கம்பெனி நடத்தி வந்தது. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மூங்கிலில் பின்னிய ஒரு பெரிய கூடை. அதைக் கயிற்றில் கட்டித் தூக்கிப் பறக்க இரண்டு கூழைக்கடாக்கள். முன்கயிற்றைப் பிடிப்பவர் கேப்டன் ஏகாம்பரம். பின்கயிற்றைப் பிடிப்பவர் துணை விமானி சபாபதி. கூடைக்குள் பயணிகளுக்குக் கடலை கொடுத்து, காதை மூடிக்கொள்ளச் சொல்லி, அழுகிற குட்டிகளைச் சமாதானப்படுத்துவது செண்பகம் என்ற அணில்.

தெற்கே இந்த ஏரியில் விடிந்ததும் கிளம்பினால், வடக்கே மலையடிவாரத்து ஏரியில் பொழுது சாய்வதற்குள் இறங்க வேண்டும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் விமானிகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காற்றைப் பார்க்க வேண்டும், கயிற்றைப் பார்க்க வேண்டும், பனைமரத்தைப் பார்க்க வேண்டும். சிக்கல் அங்கே இல்லை. நடுவழியில்தான் இருந்தது. உச்சி வெயிலில் சூடான காற்று கீழேயிருந்து மெத்தைபோல் எழும்பி வரும். சிறகை விரித்து வைத்தால் போதும், கூடை தானாகப் போகும். செய்ய ஒரு வேலையும் இல்லாத அந்த நேரத்தில், காலையில் தின்ற மீன் வயிற்றில் கனக்க, கேப்டன் ஏகாம்பரத்துக்குக் கண் சொருகும்.

ஒருநாள் அப்படித்தான் சொருகியது. தலை மெல்லத் தாழ்ந்து தாடைப்பையின்மேல் படிந்தது. சிறகு மட்டும் விரிந்தபடி இருந்தது.

பின்னாலிருந்து சபாபதி இதைப் பார்த்தார். எதிரே ஒரு பாறைக்குன்று வருவதையும் பார்த்தார். ஆனால் எப்படி எழுப்புவது? முன்பொரு தடவை "ஐயா, கொஞ்சம் வலதுபக்கம் போகலாமா?" என்று கேட்டதற்கு, "நான் பறக்க ஆரம்பிச்ச காலத்துல உங்கப்பா முட்டைக்குள்ள இருந்தார், தெரியுமா?" என்று பதில் வந்திருந்தது. அந்த நாளிலிருந்து சபாபதி வாயைத் திறப்பதில்லை.

லேசாக இருமிப் பார்த்தார். கேப்டன் அசையவில்லை.

'பெரியவர் கண்ணை மூடி யோசிக்கிறாரோ என்னவோ' என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

கூடையின் அடிப்பாகம் குன்றின் உச்சியில் சரக்கென்று உரசியது. செண்பகம் போட்ட கூச்சலில் கேப்டன் விழித்துச் சிறகடித்து மேலே ஏறிவிட்டார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒரு முள்ளம்பன்றி பயத்தில் முள்ளை விரித்ததில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முயல் குடும்பம் ஊர் போய்ச் சேரும்வரை முள் பிடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் நரி விசாரணை வைத்தது.

"தூங்கினீங்களா, கேப்டன்?"

"கண்ணை மூடியிருந்தேன். தூங்கல."

"சபாபதி, நீங்க ஏன் எழுப்பல?"

"இருமினேன் சார்."

நரி யோசித்தது. எந்தக் கம்பெனிக்கும் இந்த மாதிரி நேரத்தில் தோன்றுவது அதற்கும் தோன்றியது. கூட்டம் போட்டால் சரியாகிவிடும். இனி ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் 'பிரீஃபிங்' நடக்கும் என்று அறிவித்தது. விழிப்போடு இருப்பது எப்படி என்று விமானிகளுக்குப் பாடம் எடுக்க ஆந்தையை நியமித்தது. இரவெல்லாம் விழித்திருப்பதில் ஆந்தையைவிட அனுபவசாலி யார்?

ஆனால் பிரீஃபிங் காலையில் நடந்தது. ஆந்தை "விழிப்புணர்வு என்பது..." என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்காமலே குறட்டைவிட்டது. அது விழிக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. பிறகு காற்றைப் பற்றிப் பருந்து பேசியது. இடியைப் பற்றி மயில் பேசியது. பேச்சோடு நிறுத்தாமல் ஆடியும் காட்டியது. பயணிகளிடம் சிரித்த முகத்தோடு இருப்பது பற்றிக் கழுதைப்புலி பேசியது. கேட்டு முடிப்பதற்குள் இரண்டு விமானிகளுக்கும் சிறகு தொங்கிப்போயிற்று. முன்பு நடுவழியில் வந்த தூக்கம் இப்போது கிளம்பும்போதே வந்தது.

சபாபதிக்குத் தனிப் பயிற்சியும் உண்டு. ஆபத்து தெரிந்தால் கேப்டனிடம் தைரியமாகச் சொல்ல வேண்டும். அவரும் மனப்பாடம் செய்தார். அடுத்த பயணத்தில் கேப்டன் கண்ணயர்ந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஐயா, தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க அனுபவத்துக்கு முன்னால நான் ஒண்ணுமே இல்ல. இருந்தாலும் கம்பெனில சொல்லச் சொல்லியிருக்காங்க. உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா..."

அதற்குள் பனங்காடு வந்துவிட்டது. கூடை பனைமரங்களுக்கு நடுவே புகுந்து, ஓலைகளையும் நுங்குக் குலை ஒன்றையும் அள்ளிக்கொண்டு அந்தப்பக்கம் வெளியே வந்தது. நுங்கைப் பயணிகள் பங்குபோட்டுத் தின்றார்கள். ஆனால் கீழே இறங்கிய பிறகு, "இனிமே நடந்தே போறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

கம்பெனி மூடும் நிலைக்கு வந்தது. அந்த நேரத்தில்தான் கேப்டன் ஏகாம்பரத்தின் மகள் கயற்கண்ணிக்கும், சபாபதியின் மகன் குமரேசனுக்கும் மனசு ஒத்துப்போனது. ஒரே இடத்தில் மீன் பிடிக்கப் போய், ஒரே மீனை இரண்டு பேரும் கவ்வி, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து மீன் தப்பித்துப் போனதில் தொடங்கிய பழக்கம் அது.

துணை விமானி வீட்டில் பெண் கொடுப்பதா என்று ஏகாம்பரம் முதலில் குதித்தார். "கட்டினா அவரைத்தான் கட்டுவேன்" என்று மகள் சாப்பிடாமல் கிடந்ததும் இறங்கிவந்தார். ஏரி நடுவிலுள்ள கருவேல மரத்தில் கல்யாணம் நடந்தது. எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, பந்தியைத் தவிர. முதல் பந்திக்கு விரால் மீன் போட்டார்கள். இரண்டாவது பந்தியில் விரால் தீர்ந்துபோய், தவளையைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர் இலையிலிருந்து எழுந்து பறந்தவர், அடுத்த மாவட்டத்தில்தான் இறங்கினார்.

கல்யாணம் முடிந்து முதல் பயணம். பயணிகள் குறைவு. வேறு வழியில்லாதவர்கள் மட்டும் ஏறியிருந்தார்கள். நடுவழியில் காற்று மெத்தைபோல் எழும்பியது. ஏகாம்பரத்தின் தலை தாழ்ந்தது.

"சம்பந்தி!"

ஏகாம்பரம் திடுக்கிட்டுத் திரும்பினார். அது சபாபதியின் குரல்தான். ஆனால் இத்தனை நாளும் கேட்ட குரல் இல்லை. அது மாப்பிள்ளையைப் பெற்றவரின் குரல்.

"கூடை இடதுபக்கம் சாயுது. கண்ணுல படலையா? கல்யாணப் பந்தலும் இப்படித்தான் சாஞ்சு நின்னுது. எல்லாத்துலயும் ஒரு அலட்சியம் உங்களுக்கு."

ஏகாம்பரத்துக்கு ரத்தம் கொதித்தது. கேப்டனாக இருந்தால் ஒரு வார்த்தையில் அடக்கியிருப்பார். பெண்ணைக் கொடுத்தவர் எப்படி அடக்குவது? பல்லைக் கடித்துக்கொண்டு கூடையை நேராக்கினார். கூழைக்கடாவுக்குப் பல் கிடையாது, இருந்தாலும் கடித்தார்.

"இப்ப நேரா இருக்கா, சம்பந்தி?"

"இருக்கு, இருக்கு. முன்னால கருமேகம் தெரியுதே, அதையாவது பார்த்தீங்களா? இல்ல, எங்க மச்சான் இலையைப் பார்த்த மாதிரிதானா?"

"விரால் தீர்ந்துபோச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே!"

"தீருமா தீராதான்னு முன்கூட்டியே பார்க்க வேண்டாமா? மேகத்தைச் சுத்திப் போங்க. நீங்க நனைஞ்சு ஜுரத்துல படுத்தா எங்க வீட்டுப் பொண்ணுதான் அழும்."

ஏகாம்பரம் கறுவிக்கொண்டே மேகத்தைச் சுற்றிப் போனார். அவர்கள் விலகிய சற்று நேரத்தில், அந்த மேகத்துக்குள் மின்னல் கிளைகிளையாக வெட்டியது. கூடையில் இருந்தவர்கள் வாயடைத்துப் பார்த்தார்கள். பிறகு வாய் திறந்தபோது, அவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். தவளை போட்டது தப்பு என்று உடும்பு சொன்னது. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் அனுசரித்துப் போகலாம் என்று முயல் சொன்னது. பயணம் முழுவதும் ஒருவரும் கண்ணை மூடவில்லை. கூடை வடக்கு ஏரியில் இலைபோல் இறங்கியது.

அதற்குப் பிறகு ஒரு விபத்து இல்லை, ஓர் உரசல் இல்லை. சபாபதி எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தார். அவர் வாய் திறக்க இடம் கொடுக்கக் கூடாது என்று ஏகாம்பரம் காற்றையும் கயிற்றையும் குன்றையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். பயணிகள் திரும்பி வந்தார்கள். சண்டை நன்றாகக் காதில் விழும் முன்வரிசை இருக்கைக்குப் போட்டியே நடந்தது.

"எல்லாம் பிரீஃபிங்கோட பலன்" என்றது ஆந்தை, கண்ணைத் திறக்காமல்.

இந்த நேரத்தில் கயற்கண்ணி முட்டை இட்டாள். செய்தி கேட்டதும் இரண்டு சம்பந்திகளும் ஒரே கிளைக்கு ஓடிவந்தார்கள். வெள்ளைவெளேரென்று கிடந்த முட்டையைப் பார்த்ததும் சபாபதியின் கண் கலங்கியது.

"அந்தத் தவளை விஷயத்தை மனசுல வச்சுக்காதீங்க, சம்பந்தி."

"நீங்க பெரிய மனசு பண்ணணும், சம்பந்தி."

இரண்டு பேரும் கழுத்தோடு கழுத்து சேர்த்துக்கொண்டார்கள். பார்த்த எல்லோருக்கும் சந்தோஷம். நரிக்கு மட்டும் பயம் வந்தது. மறுநாள் பயணத்தில் கூடை நிறைந்திருந்தது.

பயந்தபடியேதான் நடந்தது. பறக்கும்போது இரண்டு பேரும் கொஞ்சிக்கொண்டார்கள்.

"இந்த உயரம் போதுமா, சம்பந்தி?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், சம்பந்தி."

"கொஞ்சம் கண்ணை மூடிக்கட்டுமா?"

"தாராளமா. நான் பார்த்துக்கறேன்."

ஏகாம்பரம் தூங்கினார். பாவம், அலுப்பு என்று சபாபதி அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் சொருகியது. அன்புக்கு அந்தக் குணம் உண்டு. வெயில் நேரத்தில் கண்ணை இழுத்துவிடும்.

எதிரே மலை நின்றது. குன்று இல்லை, மலை. செண்பகம் கத்தினாள். உடும்பு கத்தியது. முயல்கள் கத்தின. முன்னொரு காலத்தில் ஒரே கூச்சலில் விழித்த கேப்டன், இப்போது மனநிம்மதியில் ஆழ்ந்திருந்தார். செண்பகம் கயிற்றில் ஏறி இரண்டு பேருக்கும் நடுவே தொங்கினாள். பாறையில் இருக்கும் பாசிகூடத் தெரிய ஆரம்பித்தது. சாகப்போகிற நேரத்தில் அவளுக்கு ஒன்று தோன்றியது.

"ஏனுங்க, பிறக்கப்போற பேரனுக்கு எந்தத் தாத்தா பேரை வைக்கப்போறீங்க?"

நான்கு கண்களும் ஒரே நேரத்தில் திறந்தன.

"என் பேருதான்!" என்றார் ஏகாம்பரம். "பொண்ணு வயித்துப் பேரன்!"

"அதெப்படி? வம்சம் எங்களுது!" என்றார் சபாபதி. "முதல்ல மலையைப் பாருங்க! மேல ஏறுங்க! அது எங்க வீட்டு முட்டை!"

"ஏறிக்கிட்டுத்தானே இருக்கேன்! அடைகாக்கறது யாரு, எங்க பொண்ணுதானே?"

இரண்டு பேரும் ஆவேசமாகச் சிறகடித்ததில் கூடை மலையுச்சியைத் தாண்டி, உச்சிக்கு மேலே இன்னொரு மலை இருந்தாலும் தாண்டிவிடும் உயரத்துக்குப் போனது. இறங்கும்வரை சண்டை ஓயவில்லை. இறங்கிய பிறகும் ஓயவில்லை. பயணிகள் கூடைக்குள்ளேயே உட்கார்ந்து கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அன்று மாலையே நரி பிரீஃபிங்கை ரத்து செய்தது. ஆந்தைக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தது. இனிமேல் கம்பெனியில் சேருகிற கேப்டனுக்குக் கல்யாண வயதில் மகளும், துணை விமானிக்குக் கல்யாண வயதில் மகனும் இருக்க வேண்டும் என்று விதி போட்டது.

முட்டை பொரிந்து ஆண் குஞ்சு வந்தது. பெயர்சூட்டு விழாவை நாளை, நாளை மறுநாள் என்று நரி தள்ளிவைத்துக்கொண்டே போனது. ஒருநாள் கயற்கண்ணி நேராக நரியின் குகைக்கே வந்துவிட்டாள்.

"என் பிள்ளைக்கு எப்பத்தான் பேர் வைக்க விடுவீங்க? நான் அவனை என்னன்னு கூப்பிடறது?"

"'டேய்'னு கூப்பிடும்மா" என்றது நரி. "எத்தனை குடும்பம் உயிரோட இறங்குது, பார்த்தியா?"

கயற்கண்ணி வானத்தைப் பார்த்தாள். தூரத்தில் கூடை வந்துகொண்டிருந்தது. இரண்டு அப்பாக்களும் கத்துவது அவ்வளவு தூரத்திலிருந்தும் தெளிவாகக் கேட்டது. அவள் ஏரிக்குத் திரும்பிப் போய், "டேய்" என்று கூப்பிட்டாள். குஞ்சு ஓடிவந்தது.

நீதி: ஒற்றுமையே பலம் என்பது தரையில் நிற்பவர்களுக்குச் சொன்னது. தலைக்கு மேலே பறப்பவர்கள் சமாதானமாகப் போகிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளவும்.