எஞ்சின் பழகும் வரை

"சாப், எனக்கு நீச்சல் வராது சாப்" என்று நயீம் அகமது சொல்லி முடிப்பதற்குள், அவர் கழுத்தில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார் முதலாளி அப்துல் வஹாப்.

"நீஞ்சச் சொல்லல பாய், ஓட்டத்தான் சொல்றேன். புது எஞ்சின், மெதுவா ஓட்டிப் பழக்கணும். எடுத்தவுடனே முறுக்குனா போச்சு. ஞாயித்துக்கிழமை ஷூ வாங்க இத்தாலிக்கார பையர் வர்றாரு. இந்தத் தண்ணி ஸ்கூட்டர்னா அவருக்கு உசுரு. சந்தோஷமா ஒரு ரவுண்டு போனார்னா ஷூ ஆர்டர் நமக்கு, மேனேஜர் வேலை உங்களுக்கு."

டிரம்மில் தோலுக்குச் சாயம் ஏறும்போது "ஆச்சா, ஆச்சா?" என்று பாதியிலேயே இறக்கச் சொல்கிற மனுஷர், எஞ்சினுக்கு மட்டும் இவ்வளவு பொறுமையை எங்கே பிடித்தாரோ! ஆம்பூரில் அவருடைய தோல் கம்பெனியில் பல வருஷமாக சூப்பர்வைசராகவே இருந்து அலுத்துப்போன நயீம், மேனேஜர் என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிட்டார்.

நாட்றம்பள்ளிப் பக்கம் முதலாளி மீன் குத்தகை எடுத்திருந்த ஏரியில் வண்டி இறங்கியது. வெயிலில் சீட்டு சுட்டது.

"ஆம்பூர்க்காரன் வண்டிக்கு ரெக்ஸின் சீட்டா? கேவலம்!" என்று, பையர் ஆர்டருக்காகக் கம்பெனியில் எடுத்து வைத்திருந்த பழுப்புத் தோலிலேயே உறை தைத்து மாட்டினார் நயீம். பிறகு பிஸ்மில்லா சொல்லி ஏறினார். அவர் போன வேகத்தில் ஏரி வாத்துகள் ஹாயாக முந்திப் போயின.

கரைக்கு வந்ததும் மெக்கானிக் தௌசீப் கத்தினான்.

"பாய், பின்னாடி இன்னா?"

பேண்டெல்லாம் பழுப்பு.

"யா அல்லா! எஞ்சின் ஆயில் கக்குது!"

தௌசீப் ஆயில் அளக்கும் குச்சியை விட்டுப் பார்த்தான். "ஆயில் கம்மியாவல பாய்."

"அப்ப நீ ஜாஸ்தியா ஊத்திட்ட! எல்லாத்தையும் எறக்கு."

ஆயிலை மாற்றினார்கள். எஞ்சினுக்கு வலிக்கக்கூடாதென்று மறுநாள் இன்னும் மெதுவாக, இன்னும் நெடுநேரம் ஓட்டினார். பழுப்பு சட்டைவரை ஏறியது. பைப் வைத்து வண்டியை முழுக்கக் கழுவினார்கள். அதன்பிறகு பனியனும் போயிற்று.

வீட்டில் மனைவி புஷ்ரா துணியை மோந்து பார்த்தாள். "இன்னாங்க, ஆயில் வாசனையே அடிக்கலியே?"

"புது எஞ்சின்டி. வாசனை வர நாளாவும்."

ஞாயிற்றுக்கிழமை பையர் வந்து இறங்கினார். தும்பைப்பூ மாதிரி வெள்ளைப் பேண்ட்! நயீம் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றார்.

"சார், என்னாண்ட கறுப்புப் பேண்ட் ஒண்ணு இருக்குது..."

யார் காதிலும் அது விழவில்லை. பையர் ஏறினார், முறுக்கினார், ஏரியே இரண்டாகப் பிளக்கிற மாதிரி பறந்தார். எஞ்சின் சின்ன இருமல்கூட இருமவில்லை. முதலாளி நயீமின் தோளைத் தட்டி, "சபாஷ் மேனேஜர்!" என்றார்.

பையர் இறங்கித் திரும்பினார். பின்பக்கம் முழுக்கப் பழுப்பு. போச்சு, வேலையே போச்சு என்று நயீம் கண்ணை மூடிக்கொண்டார்.

பையர் சீட்டை விரலால் தேய்த்தார், விரலைப் பார்த்தார், மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்த தீபலட்சுமியிடம் இத்தாலியனில் ஏதோ சொன்னார். அவள் சிரித்தபடி முதலாளியிடம் திரும்பினாள்.

"எஞ்சின் பிரமாதமாம் சார், ரொம்பப் பொறுமையா பழக்கியிருக்கீங்களாம். ஆனா இந்த சீட்டுக்கு சாயம் போற தோலைக் குடுத்த கம்பெனி எதுன்னு கேக்குறாரு. தயவுசெஞ்சு அவங்ககிட்ட மட்டும் நீங்க தோல் வாங்கிடாதீங்கன்னு சொல்றாரு."