ஐஸ்மேல் படுத்துக்கொண்டு சொன்னது

என் மகளை நான் வெளியாரிடம் பாராட்டிப் பேசியது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அப்போது நான் கோட்டும் டையும் அணிந்து, பளபளக்கும் தோல் காலணிகளோடு, ஒரு பனித்தரையில் மல்லாந்து கிடந்தேன். ஹாக்கி மட்டை ஏந்திய இருபது பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் இதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் என் கௌரவம். இப்போது எழுதுவதற்குக் காரணம், அதில் மிச்சம் எதுவும் இல்லை என்று என் மனைவி சரோஜா தெரிவித்திருப்பது.

பெற்ற பிள்ளையைப் பெற்றவரே புகழக் கூடாது என்பது நான் வளர்ந்த பொள்ளாச்சி வீட்டின் சட்டம். பல்கலைக்கழகத்தில் நான் முதலிடம் பெற்றபோது என் தந்தையார் வந்தவர்களிடம், "ஏதோ பாஸ் பண்ணிப்போட்டானுங்க" என்றார். வந்தவர் உடனே, "அட, தங்கமான பையனாச்சேங்க!" என்றார். குறைத்துச் சொல்வது பெற்றவர் கடமை; கூட்டிச் சொல்வது கேட்பவர் கடமை. எங்கள் ஊரில் இந்த ஏற்பாடு ஒரு பிசகும் இல்லாமல் நடந்துவந்தது. அமெரிக்காவில் இதன் பிற்பாதியைச் செய்ய ஆளில்லை என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீடு. நான் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. எங்கள் ஒரே மகள் கயல்விழி பதினேழு வயதில் ஐஸ் ஹாக்கி கோலியாக இருந்தாள். அதாவது, கல்லைப் போன்றதொரு ரப்பர் வில்லையை மற்றவர்கள் முழு வேகத்தில் அடிக்க, அது கோலுக்குள் போகாதபடி அதன் குறுக்கே வேண்டுமென்றே போய் நிற்பவள். (இதற்காகவா நாடு விட்டு நாடு வந்தோம் என்று நானும் கேட்டேன்.) பொங்கல் விழாவில் யாராவது விசாரித்தால், "ஏதோ விளையாடுகிறாள்" என்பேன். டென்னிஸ் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நான் திருத்தவில்லை.

அவளுடைய ஆட்டங்களுக்கு நான்தான் காரோட்டி. விடியற்காலை ஐந்து மணிக்கு அரங்க வாசலில் இறக்கிவிட்டு, "நான் காரிலேயே பேப்பர் படிக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். அவளது ஆட்டக் கவசங்கள் திணித்த மூட்டையின் வியர்வை நாற்றத்தைப் பற்றி மட்டும் வீடு திரும்பும்வரை பேசுவேன். கடைசியில் அந்த மூட்டையை வீட்டுக்குள் வரவிடாமல் கராஜுக்கு நாடு கடத்தினேன்.

கல்லூரி தேடும் காலம் வந்தது. எனக்குத் தேட எதுவுமில்லை. வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் நல்லதொரு பல்கலைக்கழகம் இருந்தது. இருந்த இடத்திலிருந்தே போய்வரலாம். அவள் அறையில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த வேண்டாம். அதில் ஒரே ஒரு குறை.

"அப்பா, அங்க விமன்ஸ் ஐஸ் ஹாக்கி டீம் இல்ல."

"கெமிஸ்ட்ரி இருக்கிறதே, கண்ணு?"

"கெமிஸ்ட்ரிக்கு நான் கோலி இல்லப்பா."

நூலகத்திலிருந்து செங்கல் கனத்தில் ஒரு கல்லூரிக் கையேட்டைக் கொண்டுவந்து, பெண்கள் அணி உள்ள இடங்களை அவள் பென்சிலால் குறித்தாள். விரல்விட்டு எண்ணலாம், எல்லாம் வடக்கே, வடக்குக்கும் வடக்கே. அவற்றுள் ஒரு கல்லூரியிலிருந்து பதில் வந்தது. ஏழு மணி நேரப் பயணம். அங்கே பயிற்சியாளர் ஒரு சனிக்கிழமை பயிற்சி முகாம் நடத்துகிறார்; நான்கு கோலிகள் வருகிறார்கள்; அடுத்த ஆண்டு அணியில் ஒரே ஒரு கோலிக்குத்தான் இடம்.

"கிடைக்கலேன்னா பக்கத்து காலேஜுக்கே போறேன். நோ கம்ப்ளெயிண்ட்ஸ். ப்ராமிஸ்" என்றாள் கயல்.

நான் நியாயமானவன் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

அந்த அரங்கில் கோட் அணிந்து வந்த ஒரே தந்தை நான். மற்ற தகப்பன்மார் தொப்பியும் காபியுமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மகளை 'சுவர்' என்றார். இன்னொருவர் தன் மகளைப்போல ஒருத்தி அந்த மாநிலத்திலேயே பிறக்கவில்லை என்றார். அவர்களுக்காக நான் கூச்சப்பட்டேன்.

பயிற்சியாளர் உயரமான அம்மையார். கையில் சிறிய நோட்டு. என்னிடமும் வந்தார்.

"கேய் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். (கயல்விழியில் அமெரிக்கர்களால் தூக்க முடிந்தது அவ்வளவுதான்.)

நான் டையைச் சரிசெய்துகொண்டேன். "சுமாராக ஆடுவாள். பெரிய திறமை என்று சொல்வதற்கில்லை. படிப்புதான் முக்கியம், இது ஒரு பொழுதுபோக்கு. உங்களிடம் இன்னும் நல்ல பெண்கள் வந்திருப்பார்கள்."

இந்த இடத்தில் அவர், "அட, அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்றிருக்க வேண்டும். அதற்காகவே சிறிது இடைவெளியும் விட்டேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"உங்கள் நேர்மைக்கு நன்றி. அப்பாக்கள் யாரும் இப்படிப் பேசுவதில்லை" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

நான் பெருமிதத்தோடு, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த சரோஜாவிடம் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். அவள் எலுமிச்சை சாத டப்பாவை மூடி வைத்தாள்.

"ஏனுங்க, அந்தம்மாகிட்டயே அப்படிச் சொல்லிப்போட்டீங்களா?"

"வேறெப்படிச் சொல்வது?"

"அவங்க நிசம்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்களேங்க!"

இடைவேளையில் கயல் வந்தாள். உடம்பு முழுதும் கவசம், முகமூடி மட்டும் நெற்றிமேல் ஏறியிருந்தது.

"கோச் வந்து, ஹாக்கி இல்லேன்னாலும் லைஃப் இருக்குன்னு எனக்கு ஆறுதல் சொல்றாங்க. என்னப்பா சொன்னீங்க?"

"எல்லோரிடமும் சொல்வதைத்தான். அது மரியாதை, கண்ணு."

"மரியாதை இல்லப்பா. நான் வீட்லயே இருக்கணும் உங்களுக்கு. அதானே?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருபது நிமிடப் பயணமும், நகராத நாற்காலியும் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டேன். அவள் முகமூடியை இறக்கிக்கொண்டு போய்விட்டாள், கண்கள் தெரியவில்லை. நான் சொன்னதில் மரியாதை எத்தனை பங்கு, ஆசை எத்தனை பங்கு என்று, வாழ்க்கை முழுதும் மருந்துக் கலவைகளைப் பிரித்துப் பார்த்த என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கடைசி ஆட்டம் தொடங்கியது. பயிற்சியாளர் ஐஸின் நடுவில் நின்றார். ஓரப் பலகையில் ஒரு சிறு கதவு திறந்திருந்தது.

"ஏனுங்க, எங்க போறீங்க? ஏனுங்க!"

முதல் அடி கௌரவமாகவே அமைந்தது. இரண்டாவது அடியில் என் கால்கள் இரண்டும் எனக்கு முன்னால் புறப்பட்டுப் போயின. அதன்பின் நான் நடக்கவில்லை, அனுப்பப்பட்டேன். விசில் ஒலித்தது. நாலா பக்கமும் பெண்கள் விலகினார்கள். கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து சென்றன. எதிரே கோல். கயல் ஒரு கணமும் யோசிக்கவில்லை. முழங்காலில் இறங்கி, இரண்டு கால் கவசங்களையும் விரித்து என்னைத் தடுத்தாள்.

பயிற்சியாளரின் முகம் மேலே தோன்றியது. டை என் மூக்கின்மேல் கிடந்தது. எழ முடியாததால் அப்படியே பேசினேன்.

"மேடம், முன்பு கூறியதைத் திரும்பப் பெறுகிறேன். இவள் சுமாரில்லை. சென்ற பனிக்காலத்தில் விரல் வீங்கிக் கத்தரிக்காய்போல் ஆன பிறகும், யாரிடமும் சொல்லாமல் ஆட்டத்தை முடித்தாள். இடது பக்கம் வரும் வில்லையை, அடிப்பவளுக்குத் தெரியும் முன்பே இவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு கோல் விட்டுவிட்டால் தண்ணீர் குடிப்பாள், மட்டையால் கம்பத்தை இரண்டு முறை தட்டுவாள், மறந்துவிடுவாள். இவளைப்போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை."

முகமூடிக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது. "அப்பா... நீங்க கார்ல பேப்பர்தானே படிச்சீங்க?"

"பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றால் கோல் நன்றாகத் தெரியும்" என்றேன்.

பயிற்சியாளர் நோட்டைத் திறந்தார். "அவள் யாரென்று காலையிலேயே பார்த்துவிட்டேன். ஆசையாக விளையாடுகிறாளா என்பதில்தான் சந்தேகம் வந்தது, உங்களால். நேர்மையான தந்தை என்று எழுதியிருந்தேன்; அதை அடிக்க வேண்டியிருக்கிறது. இப்போது என் ஐஸை விட்டு வெளியேறுங்கள்."

வெளியேற்றியது நான்கு பெண்கள். பின்பக்க எலும்பில் அடி. ஏழு மணி நேரமும் காரின் பின்சீட்டில் குப்புறப் படுத்து வந்தேன். சரோஜா ஓட்டினாள். கயல் முன்சீட்டில் இருந்தாள். பாதி வழியில் கையை மட்டும் பின்னால் நீட்டி, என் தலைமேல் வைத்துக்கொண்டாள். அதற்கும் அந்த மூட்டையின் நாற்றம்தான். நான் தலையை நகர்த்தவில்லை.

வசந்தத்தில் கடிதம் வந்தது. இடம் அவளுக்கே. ஆகஸ்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். இருபது நிமிடத் தூரத்திலிருந்த பல்கலைக்கழகத்தைக் கடக்கும்போதெல்லாம் ஏனோ அதன்மேல் கோபம் வந்தது. கராஜில் நாற்றம் இன்னும் இருந்தது. கதவைத் திறந்துவைத்துக் காற்றாட விடலாம் என்று சரோஜா சொன்னபோது, குளிர் வந்துவிடும் என்று தடுத்தேன். (செப்டம்பரில்.) ஏதாவது கருவி எடுக்கும் சாக்கில் போய்ச் சற்று நின்றுவிட்டு வருவேன். நவம்பரில் ஒருநாள் நின்றபோது வெறும் பெயிண்ட் வாசனைதான் வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'சுமார்' என்ற சொல்லை நான் பயன்படுத்த முடிவதில்லை. ரசம் சுமார் என்றால், "ஐஸுக்குப் போய்ச் சொல்றீங்களா?" என்பாள் சரோஜா. என்னை முன்பின் பார்த்திராத மருமகன்கூட, முதல் சந்திப்பிலேயே தரையைப் பார்த்து, "வழுக்காது, அங்கிள்" என்றான்.

கயல் இப்போதும் வடக்கேதான் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள். விசாரணையெல்லாம் முடிந்தபின், வைக்கும் முன், எப்போதும் ஒரே கேள்வி.

"என்னை மிஸ் பண்றீங்களா, அப்பா?"

"சுமாராக."

"ஐஸ்ல படுத்துக்கிட்டுச் சொல்லுங்க."

சரோஜா அடுக்களையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ரொம்ப" என்கிறேன்.